பையனின் ஃபைலில் உள்ள 'பென்சிலின் அலர்ஜி'யை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர், எடுக்கலாமா?

கேடிசி நகர் அம்மா
பையனுக்கு எட்டு வயது. ஒன்றரை வயதில் காய்ச்சலுக்கு, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் சிரப் கொடுத்தோம், மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்துவிட்டது. மாமியார் அம்மை என்று வேப்பிலை வைத்தார், டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து தொண்டை வலி, காது வலி எதுவென்றாலும் அசித்ரோமைசின்தான். இப்போது பாளையங்கோட்டையில் பார்க்கிற டாக்டரம்மா, இது நிஜ அலர்ஜியாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆஸ்பத்திரியில் வைத்து அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதியதை எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டில் ஒருத்தருக்கும் சம்மதமில்லை, எனக்கும் பாதி மனசுதான். யாராவது செய்திருக்கிறீர்களா?

தென்காசிக்காரன்
வேண்டாம் தங்கச்சி. ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது என்ன வைத்தியம்? நன்றாக ஓடியாடுகிற பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, வருகிறதா வரவில்லையா என்று பார்க்க வேண்டுமாம், அதற்குப் பெற்றவளின் கையெழுத்து வேறு. எங்கள் தெருவில் பென்சிலின் ஊசி போட்ட அஞ்சாவது நிமிஷம் மூச்சு இழுத்து விழுந்து, தப்பிப் பிழைத்தவர் இருக்கிறார். மாற்று மருந்து இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

மருந்துக்கடை, வண்ணார்பேட்டை
அண்ணாச்சி, உங்கள் தெருக்காரர் கதை வேறு, இந்தப் பையன் கதை வேறு. மருந்து போன சில நிமிஷத்தில் உதடு வீங்கி, மூச்சு அடைத்து, பிரஷர் இறங்கினால் அது நிஜமான அலர்ஜி. அவருக்கு இப்படி நேரடியாக வாயில் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள், அலர்ஜி நிபுணரிடம்தான் போக வேண்டும். தோல் உரிந்து வாயும் கண்ணும் புண்ணான பிள்ளைகள் என்றால் அந்தப் பேச்சே கூடாது. மூன்றாம் நாள் வருகிற வெறும் தடிப்பு பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலின் வேலை. காய்ச்சலும் மருந்தும் ஒரே வாரத்தில் வந்ததால் பழி மருந்தின் தலையில் விழுந்துவிடுகிறது. கனடாவில் மான்ட்ரியலில் இப்படிச் சந்தேகப்பட்ட 818 குழந்தைகளுக்கு அமாக்சிசிலின் கொடுத்தே பார்த்தார்கள், முடிவு 2016இல் வந்தது. நூற்றுக்கு 94 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தென்காசிக்காரன்
மீதி ஆறு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்?

மருந்துக்கடை, வண்ணார்பேட்டை
கேட்க வேண்டிய கேள்விதான். அந்த 818 பேரில் 17 பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்தது, 31 பேருக்கு அப்புறம் வந்தது. லேசான தடிப்பும் அரிப்பும், அவ்வளவுதான். ஆனாலும் அலர்ஜி முற்றினால் உடனே போடுகிற அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். வீட்டில் கொடுத்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், என் கடையில் வந்து அதற்கு சிரப்பும் கேட்க வேண்டாம்.

ரதவீதி அக்கா
ரெண்டு பேரும் கொடுத்தால் என்ன ஆகும் என்றே பேசுகிறீர்களே, கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? என் மகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதித்தது. 21 நாளுக்கு ஒரு பெனிடியூர் ஊசி என்றார்கள், அதுவும் பென்சிலின்தான். கைக்குழந்தையில் ஒருதடவை தடித்தது என்று நான் சொன்னதும் ஊசி போட ஒருவரும் துணியவில்லை. பதிலுக்கு எரித்ரோமைசின், தினம் இரண்டு வேளை, வருஷக்கணக்கில். வயிறு வலிக்கிறது என்று அழுவாள், தலையணை உறைக்குள் மாத்திரையை ஒளித்து வைப்பாள். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் காய்ச்சல் திரும்ப வந்து வால்வு இன்னும் கெடும் என்று எனக்கு வயிற்றைக் கலக்கும். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. இப்போது ஊசிதான் போகிறது. இதைக் கேளுங்கள், இன்றைக்கும் அவள் தாத்தா எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதல் வார்த்தையாக "இவளுக்கு பென்சிலின் ஆகாது" என்பார். டெஸ்டில் நல்லபடியாக வந்த பிறகும் முதல் ஊசியன்று என் கையும் நடுங்கத்தான் செய்தது.

தென்காசிக்காரன்
உங்கள் மகளுக்கு அது அவசியம் அக்கா, அதில் நான் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை வலி அசித்ரோமைசினுக்கே கேட்கிற பையனுக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

மருந்துக்கடை, வண்ணார்பேட்டை
இன்றைக்குக் கேட்கிறது, நாளைக்கும் கேட்குமா? சீட்டே இல்லாமல் "அந்த மூணு நாள் மாத்திரை" என்று வந்து நிற்கிறார்கள், இல்லையென்றால் அடுத்த கடை. இப்படிப் போனால் கிருமிக்கு அது பழகிவிடும். காது, தொண்டை, நிமோனியா இதற்கெல்லாம் முதலில் எடுக்கிற மருந்தே அமாக்சிசிலின்தான். இந்தப் பையன் நாளைக்குப் பெரியவனாகி ஆபரேஷனுக்குப் போனாலும் ஃபைலைப் பார்த்து வேறு மருந்துதான் போடுவார்கள். இங்கிலாந்துப் பதிவேடுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில், பென்சிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களுக்கு எம்ஆர்எஸ்ஏ என்கிற அடங்காத கிருமி தொற்றும் அபாயம் மற்றவர்களைவிட 69 சதவீதம் கூடுதலாக இருந்தது.

கேடிசி நகர் அம்மா
டாக்டரம்மாவிடம் திரும்பக் கேட்டேன். சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத நாளில் வர வேண்டும், அலர்ஜி, அரிப்புக்கான செட்ரிசின் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். முதலில் கொஞ்சம் கொடுத்து, ஒன்றும் இல்லையென்றால் மீதியைக் கொடுத்து, உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். அப்புறம் வீட்டில் சில நாள் தடிப்பு வருகிறதா என்று நாங்கள் கவனிக்க வேண்டும். காலாண்டு லீவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அவன் அப்பா கூட வருகிறேன் என்கிறார், கையெழுத்து மட்டும் நான்தான் போட வேண்டுமாம்! மாமியார் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

தென்காசிக்காரன்
என் பிள்ளையாக இருந்தால் இன்னும் நான் செய்ய மாட்டேன். போவது என்று முடிவாகிவிட்டால், ஒத்துக்கொண்டது என்று தேதி போட்டு டாக்டர் கையெழுத்தோடு எழுதி வாங்கிவிட்டு வா தாயி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கார்டிலும் மாற்றச் சொல்லு, இல்லையென்றால் அடுத்த டாக்டர் பழைய சிவப்பு மையைத்தான் பார்ப்பார்.

ரதவீதி அக்கா
அந்தச் சீட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து மாமியாரிடமும் கொடுங்கள். நாங்கள் தாத்தாவிடம் கொடுத்தோம், வாங்கி பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார், சொல்வதை இன்னும் நிறுத்தவில்லை.