மேல் டிவிஷன் லயம் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குழு: கூடுமிடம் எது?

வெள்ளி, மாலை

செல்வி டீச்சர்: எல்லாருக்கும் வணக்கம். நாளைக் காலை பத்து மணிக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மஸ்டர் ஷெட்டில் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு வைத்திருக்கிறோம். நாலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை யாரும் வரலாம். ஆளுக்கு ஒரு கறுப்பு சார்ட், வெள்ளையும் மஞ்சளும் கிரேயான். வீட்டில் டார்ச் இருந்தால் கொடுத்து விடுங்கள்.

பாக்கியம் அத்தை: நல்ல காரியத்துக்குக் கறுப்பா? வேறு கலரே கிடைக்கவில்லையா டீச்சர்

ஜீப் பாண்டி: நான் இப்போது மூணாறு டவுனில்தான் நிற்கிறேன். சார்ட் வாங்கி வரட்டுமா? எத்தனை?

செல்வி டீச்சர்: இருபது போதும் அண்ணே. அத்தை, ராத்திரியை வரையப் போகிறார்கள், அதனால்தான் கறுப்பு.

மேரி அக்கா: டீச்சர், என் பேரனை விட்டுவிடுங்கள். போன வருஷம் ஏதோ போட்டி என்று, மலை சரிந்து இறங்குகிற உருள்பொட்டலை வரையச் சொன்னார்கள். மண்ணுக்குள்ளிருந்து கை நீட்டுகிற மாதிரி வரைந்தான், பரிசும் கொடுத்தார்கள். இப்போது மழைச் சத்தம் கேட்டாலே என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறான். பெட்டிமுடியில் போனவர்களில் எங்கள் சொந்தமும் உண்டு. அதைப் படமாகப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

செல்வி டீச்சர்: அக்கா, நாளைக்கு ஒருத்தரும் உருள்பொட்டலை வரையப் போவதில்லை. என் வகுப்பில் மண்ணும் இல்லை, பிணமும் இல்லை. கரண்ட் போன ராத்திரியில் நம் வீட்டுக் கதவைத் திறந்து எந்த வழியாக, யார் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போய் நிற்பது என்பதை மட்டும்தான் வரையப் போகிறோம்.

சுரேஷ்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது டீச்சர். இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே டிரில் நடத்திச் சொல்லிக் கொடுக்கிறார்களே?

செல்வி டீச்சர்: கொடுக்கிறார்கள் தம்பி. ஆனால் ரெட் அலர்ட் என்றால் கலெக்டர் லீவு விடுகிறார். அன்றைக்கு நம் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்காது, லயத்தில் போர்வைக்குள் இருக்கும். பெட்டிமுடியில் மலை இறங்கியது 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, 70 பேர் போனார்கள். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை 2024 ஜூலை 30, அதுவும் நடுராத்திரி தாண்டி. பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இருட்டில் நம் லயத்துப் படிக்கட்டு தெரியுமா? எனக்கே தெரியாது.

சுரேஷ்: சரி டீச்சர். டியூஷனை மதியத்துக்கு மாற்றச் சொல்கிறேன்.

மேரி அக்கா: அவன் வருவான். அழுதால் உடனே எனக்கு போன் போடுங்கள்.

சனி, மதியம்

செல்வி டீச்சர்: (படம்) (படம்) (படம்)

செல்வி டீச்சர்: ஷெட் ஜன்னல்களைச் சாக்கால் மூடிவிட்டு, டார்ச் வெளிச்சம் விழுகிற இடம் மட்டும் எப்படித் தெரிகிறது என்று முதலில் காட்டினோம். அப்புறம் வரையச் சொன்னேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பாக்கியம் அத்தை: கதவு, மூன்று படி, துணி காயப்போடுகிற கம்பி. கம்பியைச் சரியாகக் கழுத்து உயரத்தில் போட்டிருக்கிறாளே! பகலில் குனிந்து போகிறோம், ராத்திரி ஓடினால் அவ்வளவுதான்.

ஜீப் பாண்டி: அதற்குப் பக்கத்தில் வழியை அடைத்துக்கொண்டு கோடு கோடாக ஒன்று இருக்கிறதே, அது என்ன

செல்வி டீச்சர்: உங்கள் விறகு அடுக்கு அண்ணே.

பாக்கியம் அத்தை: 😂😂

ஜீப் பாண்டி: சாயங்காலம் எடுத்துவிடுகிறேன். பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், படத்தில் அழித்துவிடட்டும்.

செல்வி டீச்சர்: எடுத்த பிறகு அழிக்கிறாளாம் 🙂 படங்களில் மஞ்சள் புள்ளி வருகிற இடமெல்லாம் கைப்பிடித்துக் கூட்டிப் போக வேண்டியவர்கள். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, மூன்றாம் லயத்தில் கால் ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிற அண்ணன். ஒரு லயத்தில் மட்டும் ஐந்து புள்ளி. இது பிள்ளைகள் அவர்களாகவே போட்ட கணக்கு.

சனி, சாயங்காலம்

செல்வி டீச்சர்: (படம்) எல்லாப் படத்தையும் ஒட்டிப் பெரிய படமாக்கிவிட்டோம். நடுவில் வட்டம் போட்டிருப்பது கிரவுண்டு. எல்லாரும் அங்கே வந்து கூட வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை தாத்தா: டீச்சரம்மா, கிரவுண்டு வேண்டாம்.

கணக்கப்பிள்ளை தாத்தா: அது கிரவுண்டு இல்லை, ஓடை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாலாம் லயத்துக்குப் பின்னால் இறங்கி, இப்போது வாலிபால் கம்பம் நிற்கிற இடத்தில்தான் ஓடும். கல்லையும் மண்ணையும் கொட்டி நிரவிப் பிள்ளைகள் விளையாட விட்டார்கள். மழைக்காலத்தில் கம்பத்தடியில் ஊற்று வருகிறதே, ஒருத்தரும் யோசித்ததில்லையா?

சுரேஷ்: வருஷா வருஷம் அங்கே சேறாகிறது, உண்மைதான். குழாய் உடைந்திருக்கிறது என்றல்லவா நினைத்தோம்.

கணக்கப்பிள்ளை தாத்தா: தண்ணீர் தன் பழைய தடத்தை மறக்காது. 1924 வெள்ளத்தில், மலையாளக் கணக்கில் 99 என்பார்கள், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடின குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையே போய்விட்டது. வெள்ளைக்காரன் அதை மறுபடி போடவே இல்லை. என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஜீப் பாண்டி: அப்படியென்றால் பேசாமல் ஜீப்பில் எல்லாரையும் ஏற்றிக் கீழே ரோட்டுக்கு இறக்கிவிடலாமே. இரண்டு டிரிப் போதும்.

கணக்கப்பிள்ளை தாத்தா: ரோடு அதே ஓடையைத்தானே பாலத்தில் தாண்டுகிறது பாண்டி? மண்ணும் பாறையும் வருவது ஓடை வழியாகத்தான். கீழே ஓடினால் அதற்கு முன்னால் ஓடுகிற கதை. பக்கவாட்டில் விலகி மேட்டில் ஏற வேண்டும். மாரியம்மன் கோயில் மேடு இரண்டு ஓடைக்கும் நடுவில் முதுகு மாதிரி நிற்கிறது.

செல்வி டீச்சர்: தாத்தா, நாளைக்கு நாலு பிள்ளைகளை உங்களிடம் அனுப்புகிறேன். பழைய ஓடையைக் கையால் காட்டுங்கள், அவர்கள் வரைவார்கள். நீல கிரேயான் கறுப்பில் தெரியவே மாட்டேன் என்கிறது, சாக்பீஸில் புள்ளிக்கோடு போடச் சொல்கிறேன்.

சுரேஷ்: கோயில் மேட்டையும் நாமே முடிவு செய்யக் கூடாது. மெம்பரிடம் சொல்லி, வில்லேஜ் ஆபீஸ் மூலமாக விவரம் தெரிந்தவர்கள் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். அந்தப் படத்தையே கொண்டுபோய்க் காட்டுகிறேன். மனு எழுதுவதைவிட அது லேசு.

ஞாயிறு

செல்வி டீச்சர்: (படம்) மழை பாட்டில். வாயை வெட்டித் தலைகீழாகச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, பூஜ்யக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேல் வண்ணம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் மஞ்சள், 115.6 தொட்டால் ஆரஞ்சு, 204.4 தாண்டினால் சிவப்பு. வானிலைத் துறை கணக்கு.

கணக்கப்பிள்ளை தாத்தா: இஞ்ச்சில் சொல்லுங்கள் டீச்சரம்மா.

சுரேஷ்: இரண்டரை, நாலரை, எட்டு தாத்தா. ஏறக்குறைய.

கணக்கப்பிள்ளை தாத்தா: எட்டு இஞ்ச் ஒரே நாளில் என்றால் அன்றைக்குக் கொழுந்தெடுக்க ஆள் இறங்காது. சரியான கணக்குதான்.

ஜீப் பாண்டி: ஆனால் பாட்டிலில் சிவப்பைக் காணோமே?

செல்வி டீச்சர்: சிவப்பு வந்து விழுகிற இடத்தில் பாட்டிலே இல்லை அண்ணே 😅 நேராக இருக்கிற பாகம் அவ்வளவு உயரம் வரவில்லை. வளைந்த பாகத்தில் அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

ஜீப் பாண்டி: வீட்டில் நாலு இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் மூடி போட்டுத் தருகிறேன். உள்ளே பார்க்க முடியாது, குச்சி விட்டு அளக்க வேண்டியதுதான்.

செல்வி டீச்சர்: அருமை அண்ணே. வண்ணத்தைக் குச்சியில் அடித்துவிடலாம். எனாமல் பெயின்ட்தான், போஸ்டர் கலர் கரைந்துவிடும். தினமும் காலை எட்டரைக்கு அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும்.

பாக்கியம் அத்தை: குச்சியில் மஞ்சள் என்றால் டிவியில் சொல்கிற மஞ்சளா

செல்வி டீச்சர்: இல்லை அத்தை. டிவியில் சொல்வது மாவட்டத்துக்கு, இனி பெய்யப் போகிறது என்று. குச்சி சொல்வது நம் தலையில் ஏற்கெனவே பெய்தது. இரண்டையும் பார்க்க வேண்டும். குச்சி மஞ்சளில் இருந்தாலும் டிவியில் சிவப்பு என்றால் சிவப்புதான்.

சுரேஷ்: குச்சி ஆரஞ்சைத் தொட்டாலோ ஆரஞ்சு அலர்ட் வந்தாலோ நாலாம் லயத்துக்காரர்கள் அன்று ராத்திரி அங்கே படுக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாமா?

பாக்கியம் அத்தை: எங்கே படுப்பதாம்? கோயில் மண்டபம் ஷீட் ஒழுகுகிறது. கைக்குழந்தையோடு இரண்டு குடும்பம் இருக்கிறது அந்த லயத்தில்.

சுரேஷ்: ஷீட்டுக்கு வசூல் போடுவோம் அத்தை. அதுவரை எங்கள் வீட்டில் ஒரு குடும்பம் வரட்டும்.

மேரி அக்கா: எங்கள் வீட்டிலும் இடம் இருக்கிறது.

மேரி அக்கா: டீச்சர், ஒன்று கேட்க வேண்டும். பேரன் ஓடையை மூன்று தரம் வரைந்து கொண்டுவந்திருக்கிறான். ஒன்றில் வெள்ளைத் தண்ணீர், ஒன்றில் டீ மாதிரிக் கலங்கல், மூன்றாவதில் மழை கொட்டுகிறது, ஆனால் ஓடை காலி. சோறு வடித்துக்கொண்டிருந்தவளை நிறுத்தி, மூன்றாவதுதான் மோசம் பாட்டி என்கிறான். நிஜமா?

செல்வி டீச்சர்: நிஜம்தான் அக்கா. கொட்டுகிற மழையில் ஓடை திடீரென்று வற்றினால் மேலே எங்கேயோ மண் சரிந்து அடைத்திருக்கலாம். அது உடைத்துக்கொண்டு மொத்தமாக வரும். திடீரென்று கலங்கினாலும் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டியதுதான். தரையில் புது வெடிப்பு, சாய்கிற மரம், நேற்றுவரை மூடின கதவு இன்று இறுகுவது, இதெல்லாமும் அடையாளம்.

மேரி அக்கா: அழவில்லை அவன். என்னைத்தான் அதட்டுகிறான், செருப்பைக் கதவு பக்கம் வை என்று.

சுரேஷ்: அவசர உதவி எண்கள் 1077, 112 இரண்டையும் படத்தின் ஓரத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள் டீச்சர்.

கணக்கப்பிள்ளை தாத்தா: எழுதுங்கள். ஆனால் பெட்டிமுடியில் அன்றைக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. வெளியே தெரிய மறுநாள் காலை ஆனது. நம் லயத்துக்குள்ளேயே எழுப்ப ஒரு சத்தம் வேண்டும்.

ஜீப் பாண்டி: கோயில் மணி.

பாக்கியம் அத்தை: மணிக்கூண்டைப் பூட்டியல்லவா வைத்திருக்கிறார்கள்? சாவி பூசாரியிடம், அவர் போடிக்குப் போயிருக்கிறார்.

ஜீப் பாண்டி: புதன்கிழமை வருகிறார், நான்தான் கூட்டி வரப் போகிறேன். வருகிற வழியிலேயே இன்னொரு சாவி அடித்துத் தாத்தா வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

கணக்கப்பிள்ளை தாத்தா: எனக்குக் காது சரியில்லை. மேரி வீட்டில் கொடு, கோயிலுக்கு அதுதான் பக்கம்.

மேரி அக்கா: சரி, கொடுங்கள். ஆணி அடித்து மாட்டி வைக்கிறேன்.