லேபில் வேலை அனுபவமே இல்லாமல் கேம்பிரிட்ஜ் நேச்சுரல் சயின்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா?

கென்டன் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகள் இயர் 12 (பள்ளியில் கடைசிக்கு முந்தைய வருடம்) முடிக்கப்போகிறாள், ஏ லெவலுக்கு பயாலஜி, கெமிஸ்ட்ரி, மாத்ஸ். கேம்பிரிட்ஜில் நேச்சுரல் சயின்ஸ், மற்ற நான்கு இடங்களிலும் பயோகெமிஸ்ட்ரி என்று எண்ணம். பிரச்சினை வேலை அனுபவம்தான். பல்கலைக்கழக லேப், மருந்துக் கம்பெனி, ஆஸ்பத்திரி லேப் என்று ஈஸ்டரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். பாதிப் பேரிடமிருந்து பதிலே இல்லை, மீதிப் பேர் 18 வயது ஆகட்டும் என்கிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அப்பா ஆஸ்பத்திரியில் கன்சல்டன்ட் டாக்டர், அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாரம் உடனே கிடைத்துவிட்டது. எங்களுக்கு அப்படி ஆள் யாரும் இல்லை, இவர் கடை வைத்திருக்கிறார், நான் முதியோர் இல்லத்தில் வேலை. இப்போது ஒரு நிறுவனம் கோடை விடுமுறையில் 'ஆராய்ச்சி அனுபவம்' தருகிறோம் என்று ஆயிரம் பவுனுக்கு மேல் கேட்கிறது. இவர் கட்டிவிடு என்கிறார், எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் படிவத்தின் மூன்றாவது கேள்வியே படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்றுதானே கேட்கிறது, அங்கே என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராசன் ஈஸ்ட்ஹாம்:
அக்கா, வேலை அனுபவம் கட்டாயம் வேண்டும். என் தம்பி மகனை நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். பணம் போனாலும் பரவாயில்லை, பிள்ளையின் எதிர்காலம்.

லேப்கோட்:
ராசன் அண்ணா, தம்பி மகன் எந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தார்?

ராசன் ஈஸ்ட்ஹாம்:
பல் மருத்துவம்.

லேப்கோட்:
அங்கேதான் குழப்பம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், பிசியோ, நர்சிங் இதெல்லாம் ஆட்களோடும் விலங்குகளோடும் பழகும் தொழில். வேலை எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வந்தாயா என்று கேட்பது நியாயம். கால்நடைப் படிப்பில் சில இடங்களில் இத்தனை மணி நேரம் செய்திருக்க வேண்டும் என்றே விதி உண்டு. மருத்துவத்துக்குக்கூட இப்போது ஆஸ்பத்திரிக்குள் போயே ஆக வேண்டும் என்றில்லை, குடும்ப மருத்துவர்கள் கல்லூரியின் 'அப்சர்வ் ஜிபி' என்று இலவசமாக இணையத்திலேயே ஒரு காணொளித் தொகுப்பு இருக்கிறது, முதியோர் இல்லத்தில் தொண்டு செய்ததையும் ஏற்கிறார்கள்.

பயோகெமிஸ்ட்ரியும் நேச்சுரல் சயின்ஸும் அப்படியில்லை. அவை தொழில் படிப்பு அல்ல, பாடப் படிப்பு. நான் ஒரு ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். 16, 17 வயதுப் பிள்ளைகளிடமிருந்து எங்களுக்கும் இப்படி மின்னஞ்சல் வரும். எடுப்பதில்லை என்பதற்குக் காரணம் பிள்ளையின் தகுதி இல்லை. அமிலம், கதிரியக்கப் பொருள், மனித ரத்தம் எல்லாம் இருக்கும் இடத்தில் சின்னப் பிள்ளையை விட வேண்டுமென்றால் தனியாக ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டும், காப்புறுதி பார்க்க வேண்டும், ஒரு ஆள் முழு நேரமும் கூடவே நிற்க வேண்டும். அதற்கு யாருக்கும் நேரமில்லை. அதையும் மீறி வருகிற பிள்ளை பெரும்பாலும் யாராவது பேராசிரியருக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. வந்தும் என்ன, பிப்பெட்டில் தண்ணீர் உறிஞ்சிப் பழகிவிட்டு நாங்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும். விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அந்த ஆயிரம் பவுனைக் கட்ட வேண்டாம் அக்கா.

நேட்சை பழைய மாணவி:
ஆன்ட்டி, நான் கேம்பிரிட்ஜில் இதே படிப்பைத்தான் முடித்தேன், எனக்கும் வேலை அனுபவம் என்று ஒரு வரிகூட இல்லை. சனிக்கிழமை கடையில் பில் போட்டதுதான்.

அவர்கள் பார்ப்பது வேறு. இடம் தர அவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஏ லெவல் முடிவே இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏயும். அதற்கு முன் ஈசாட் என்ற நுழைவுத் தேர்வு. மாத்ஸ் 1 கட்டாயம், அதோடு இன்னும் இரண்டு பகுதி எடுக்க வேண்டும், உங்கள் மகள் பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் எடுக்கலாம். ஒவ்வொரு பகுதியும் 40 நிமிடம், 27 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. கோடை விடுமுறையை இதற்குக் கொடுத்தால் ஆயிரம் பவுன் அனுபவத்தைவிட எவ்வளவோ மேல். கேம்பிரிட்ஜின் ஐசக் தளத்தில் பயிற்சிக் கணக்குகள் இலவசமாகவே கிடக்கின்றன.

நேர்முகத்தில் லேபுக்குப் போனாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. பார்த்திராத ஒரு வரைபடத்தை நீட்டி, இது ஏன் இந்த இடத்தில் வளைகிறது என்றார்கள். தெரியாததைக் கொடுத்துவிட்டு நாம் எப்படி யோசிக்கிறோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மூன்றாவது கேள்வி. மூன்று கேள்விக்கும் சேர்த்து இடைவெளியோடு 4,000 எழுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. அந்த 350ஐத் தாண்டினால் போதும், மூன்றையும் சமமாகப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை. பாடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தால் முதல் இரண்டில் கொட்டட்டும். 'வெளியே' என்றால் ஆய்வுக்கூடம் என்று எங்கும் எழுதவில்லை. கடையில் அப்பாவுக்கு உதவுவது, வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்வது, தானாகப் படித்தது, வீட்டில் செய்து பார்த்தது எல்லாம் அதற்குள் வரும்.

கென்டன் அம்மா:
நன்றி பிள்ளைகள். தானாகப் படித்தது என்றால் புத்தகப் பெயர்களை எழுதினால் போதுமா? ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள்.

நேட்சை பழைய மாணவி:
பட்டியல் வேண்டவே வேண்டாம். எல்லோரும் அதே நாலு புத்தகத்தைத்தான் எழுதுகிறார்கள். ஒன்றே ஒன்றை எடுத்து ஆழமாகப் போகச் சொல்லுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். அரிவாள் செல் நோயை ஏ லெவலில் படித்திருப்பாள், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று வந்துவிடுகிறது என்பதோடு பாடம் நின்றுவிடும். புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற தளம் எல்லோருக்கும் இலவசம். அதில் 2ஹெச்பிஎஸ் (2HBS) என்று தேடினால் அந்த ஹீமோகுளோபினின் முப்பரிமாண அமைப்பு திரையில் சுழலும். அந்த வேலினைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கினால், பக்கத்து மூலக்கூறில் 85ஆவது பினைல் அலனினுக்கும் 88ஆவது லியூசினுக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப்பசையான குழிக்குள் அது போய் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் செல்லை அரிவாள் போல வளைக்கும் நார் உருவாகிறது. சரி, அப்படியானால் ஆக்சிஜன் ஏறிய நிலையில் ஏன் கோப்பதில்லை? மூலக்கூறின் வடிவம் மாறி அந்தக் குழி சரியாகக் கிடைக்காமல் போகிறது. இதைத் தானே தேடிக் கண்டுபிடித்து ஐந்து வரி எழுதினால், நேர்முகத்தில் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்பார்கள், அவளுக்கும் பேச விஷயம் இருக்கும்.

கென்டன் அம்மா:
மகளிடம் காட்டினேன், இப்போது மேசையை விட்டு எழும்பவில்லை. இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்களோ தெரியாது. குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் தோசை மா பொங்காது. அவள் ஒரு மாவையே மூன்று போத்தலில் ஊற்றி, ஒன்றை ஹீட்டர் பக்கத்தில், ஒன்றை விளக்கு மட்டும் போட்ட ஓவன் அடுப்புக்குள், ஒன்றை ஜன்னலோரம் வைத்து, ரூலரால் உயரம் அளந்து, புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் வைத்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். இதையெல்லாம் எழுதலாமா, சமையல் குறிப்பு மாதிரி இருக்காதா?

லேப்கோட்:
அக்கா, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! ஒரே மாவு, ஒரே அளவு, வெப்பநிலை மட்டும் வேறு. இதுதான் பரிசோதனை. எங்கள் லேபுக்கு வந்து வேடிக்கை பார்த்தால் இது கிடைக்காது. ஈஸ்ட் போட்ட மாவா? எங்கள் வீட்டில் அவசரத்துக்குப் போடுவார்கள், அதுதான் கேட்கிறேன். போட்டிருந்தால் கதையே வேறு.

கென்டன் அம்மா:
இல்லை தம்பி, ஈஸ்ட் போடவில்லை.

லேப்கோட்:
அப்படியானால் லுக்கோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றிப் படிக்கட்டும், அமிலமும் வாயுவும் இரண்டையும் அது தருகிறது. அடுத்ததாக உளுந்தே போடாமல் அரிசி மாவை மட்டும் ஒரு போத்தலில் வைக்கட்டும். புளிக்கலாம், ஆனால் அப்படிப் பொங்கி நிற்காது, ஏனென்றால் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அந்த வழுவழுப்பைத் தரும் கூட்டுச் சர்க்கரையும். புளிப்பது ஒன்று, பொங்குவது வேறொன்று என்று பிரித்துக் காட்டிவிட்டால் சமையல் குறிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிஹெச் தாள் துல்லியமில்லை, முடிந்தால் பள்ளியில் மீட்டர் கேட்டுப் பார்க்கட்டும். என்ன குறை இருந்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்றும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

ராசன் ஈஸ்ட்ஹாம்:
சரி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள் அக்கா. ஆனால் ஒன்று கேட்கிறேன், காசு கேட்காமல் லேபில் வைத்துச் சொல்லித்தருகிறவர்கள் யாருமே இல்லையா? எனக்கு இயர் 11இல் ஒரு பொடியன் இருக்கிறான்.

லேப்கோட்:
இருக்கிறார்கள் அண்ணா. நஃபீல்ட் ரிசர்ச் பிளேஸ்மென்ட் என்று பாருங்கள். இயர் 12 பிள்ளைகளுக்குக் கோடையில் உண்மையான ஆராய்ச்சித் திட்டம், ஒரு பென்னி கட்ட வேண்டாம், பயணச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும், பல்கலைக்கழகம் போகாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை. கோடை வரும்வரை காத்திருந்தால் விண்ணப்பம் மூடிவிடும், அதனால் பொடியன் இயர் 12 போனதும் ஜனவரியிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். அக்காவின் மகளுக்கு இந்த வருடம் காலம் கடந்துவிட்டது.

கென்டன் அம்மா:
இவரிடமும் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பணம் கட்டவில்லை. கடைசியாக ஒரு கேள்வி, ஈசாட் தேர்வுக்குப் பள்ளிக்கூடமே பதிவு செய்துவிடுமா?

நேட்சை பழைய மாணவி:
இல்லை ஆன்ட்டி, மகளேதான் கணக்குத் திறந்து பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில் இடம் பிடிக்க வேண்டும். கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் தேர்வுதான் செல்லும், ஜனவரியில் எழுதியது செல்லாது. அதற்கான பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும், பக்கத்து மையங்கள் அதற்கு முன்னமே நிரம்பும். கட்டணம் கஷ்டம் என்றால் சலுகை உண்டா என்று பதிவுக்கு முன்னாலேயே பாருங்கள். யூகாஸ் கடைசி நாள் அக்டோபர் 15, ஆனால் பள்ளி தன் பங்குக்கு அதற்கு முன்னாலேயே ஒரு தேதி வைத்திருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், நம் ஆட்களுக்கு எப்போதும் வரும் சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, பதிவிலும் அதே கட்டத்தில், அதே எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளியில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டுத் தேர்வு நாளில் வாசலில் நிற்க வேண்டாம்.