ஹெரால்டு கார் வயரிங்: டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

வணக்கம் நண்பர்களே. சென்னையில் தயாரான பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு முழு வயரிங்கும் மாற்றுகிறேன். பழைய வயர் தொட்டாலே உதிர்கிறது, அதனால் ரெடிமேட் ஹார்னஸ் (வயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) வாங்கினேன். லைட், ஹாரன் எல்லாம் சரி. சார்ஜிங்தான் இடிக்கிறது. ஹார்னஸ் ஆல்டர்னேட்டருக்கானது (பேட்டரியை சார்ஜ் செய்யும் புதுவகை ஜெனரேட்டர்), வண்டியில் இருப்பதோ பழைய வகையான லூகாஸ் டைனமோவும், அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும், ஏ, ஏ1, எஃப், டி, இ என ஐந்து முனையுள்ள கட்அவுட் பெட்டியும்.

டி, எஃப் இரண்டுக்கும் தனி வயர் இழுத்தால் போதுமா? அல்லது மாருதி 800 ஆல்டர்னேட்டரே போட்டுவிடலாமா? பிராக்கெட், பெல்ட் ஒத்துப்போகுமா? ஆல்டர்னேட்டருக்காக பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பிளஸ் முனை வண்டி பாடியோடு இணைந்திருப்பது) மாற்றினால் இக்னிஷன் காயில் முனைகளையும் மாற்ற வேண்டும், அது தெரியும். (டைனமோவை விட மனசில்லை, அது வேறு கதை.)

அப்புறம், பெட்ரோல் மீட்டருக்கான 10 வோல்ட் ஸ்டெபிலைசருக்கு இந்த ஹார்னஸில் இடமே இல்லை. அதை எங்கே கோர்த்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.