காவிரித் தண்ணீருக்கும் ஆர்.ஓ. வேண்டுமா?

அம்மாபேட்டைத் தறி:
எங்கள் வீட்டு ஆர்.ஓ. சுத்திகரிப்புப் பெட்டியில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. பார்க்க வந்தவர் ‘மெம்பிரேன் போச்சு’ (உள்ளே உப்பை வடிகட்டும் சவ்வாம்) என்று மூவாயிரத்துச் சொச்சம் கேட்கிறார். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அம்மா, “மேட்டூர்த் தண்ணி வருதுல்ல, காய்ச்சிக் குடிச்சா பத்தாதா?” என்கிறார். வீட்டுக்காரியோ பாப்பாவுக்கு ஆர்.ஓ.தான் என்று ஒரே பிடிவாதம். மாற்றுவதா, கழற்றிப் போடுவதா?

மூக்கனேரி வாத்து:
கழற்றிப் போடுங்க. காவிரித் தண்ணீரை என் வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) வைத்துப் பார்த்திருக்கிறேன், 300ஐத் தாண்டியதில்லை. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) 500 வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்துக்கு 2000 வரை விடுகிறது. 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே மத்திய அரசிடம் சொல்லியாயிற்று. ஒரு குடம் குடிக்க மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுகிறோம். அப்புறம் கோடையில் லாரிக்குக் காத்து நிற்கிறோம்.

கருப்பூர் வெள்ளைக்கல்:
வாத்து அண்ணனுக்குக் குழாயைத் திறந்தால் காவிரி, பேசுவார். எங்கள் வீடு மேக்னசைட் சுரங்கத்துப் பக்கம், போர் தண்ணீர்தான் கதி. அதில் துவரம்பருப்பு போட்டால் ஆறு விசிலுக்கு அப்புறமும் முழித்துக்கொண்டு நிற்கும். வாட்டர் ஹீட்டர் ராடைத் தட்டினால் முட்டை ஓடு மாதிரி பெயர்ந்து விழுகிறது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம், ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். அதிகபட்சமே 1.5தான். காய்ச்சினால் கிருமி சாகும் சரி, ஃப்ளூரைடு எங்கே போகும்? தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

மூக்கனேரி வாத்து:
உங்களுக்கு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கேட்டவர் அம்மாபேட்டைக்காரர். உங்கள் போர் வியாதிக்கு எழுதிய மருந்தை அவர் காவிரிக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

ஏற்காட்டு மிளகு:
இங்கே மலை மேலேயே அந்தக் கூத்து நடந்தது. சித்தப்பா வீட்டுக்கு ஊற்றுத் தண்ணீர், மீட்டரில் 60. கீழேயிருந்து வந்த ஒரு விற்பனையாளர் அதற்கும் ஆர்.ஓ. மாட்டிவிட்டுப் போனார். வெளியே வந்தது 8! குடித்தால் வாயில் ஒன்றுமே இல்லை, காப்பிகூட எடுபடவில்லை. ஆனால் அந்த 60ஐ நம்பி அப்படியே குடிக்கவும் முடியாது. மழைக்காலத்தில் மேலே மாடு மேயும் இடத்திலிருந்தெல்லாம் வழிந்து வருகிறது. மீட்டர் உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. இப்போது வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள்.

கருப்பூர் வெள்ளைக்கல்:
அதான். கிருமியும் வேண்டாம், உப்பும் வேண்டாம் என்றால் ஒரே பெட்டியில் முடிகிறதா இல்லையா? அமெரிக்காவில் 1959 வாக்கில் இந்தச் சவ்வை உருவாக்கிய இருவரில் ஒருவர் சௌரிராஜன், நம்ம நாட்டுக்காரர். பெருமைப்படுவீர்களா, கழற்றச் சொல்வீர்களா?

மூக்கனேரி வாத்து:
பெருமைதான் தம்பி. ஆனால் அவர்கள் கடல்நீரைக் குடிநீராக்கப் பாடுபட்டார்கள். மேட்டூர் அணையில் கடலா நிற்கிறது? இன்னொன்று, குளோரின் போன தண்ணீர் அந்தப் பெட்டித் தொட்டியில் இரண்டு நாள் கிடந்தால் கிருமி வளர யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஃபில்டர் மாட்டுபவன்:
நான் இதே தொழில்தான். கேட்ட கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தறி அண்ணா, மெம்பிரேன் கிழிந்தால் வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ். ஏறும். உங்களுக்கு வரத்துதான் குறைந்திருக்கிறது. முதலில் முன்னால் இருக்கும் வண்டல் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க. குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரையும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றணும். அது தீர்ந்துபோனால் மாநகராட்சித் தண்ணீரின் குளோரின் நேரே போய் மெம்பிரேனை அரித்துவிடும். அப்புறம், ஆர்.ஓ.வுக்கு எந்த லைன் கொடுத்திருக்கிறது?

வெள்ளைக்கல் அண்ணனுக்கும் ஒன்று. ருசிக்காக டி.டி.எஸ். அட்ஜஸ்டரை (மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு) திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்க. அதில் கலப்பது பச்சைப் போர் தண்ணீர். வடிகட்டிய ஃப்ளூரைடு அந்த வழியாகவே திரும்பி வந்துவிடும்.

கருப்பூர் வெள்ளைக்கல்:
ஐயோ, அதைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். மாட்டியவர் “மினரல் சேருதுங்க” என்றாரே!

அம்மாபேட்டைத் தறி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். மீட்டர் வாங்கி அளந்தேன். காவிரிக் குழாயில் 280. போரில் 1400. ஆர்.ஓ.வுக்கு லைன் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. அதில் இரண்டும் கலந்து 900. வெளியே வருவது 70, ஆக மெம்பிரேன் நன்றாகத்தான் இருக்கிறது. வண்டல் ஃபில்டரைக் கழற்றினால் வெள்ளையாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில், மேலே வழவழவென்று சேறு. அதையும் கார்பனையும் மாற்றியதும் பழையபடி வருகிறது. செலவு ஆயிரத்துக்குள்.

மூக்கனேரி வாத்து:
280 வைத்துக்கொண்டு அதைப் போரில் கலந்து, பிறகு கரண்டு செலவழித்துப் பிரிக்கிறீர்கள்! காவிரிக் குழாயிலிருந்து நேரே சமையலறைக்கு ஒரு லைன் இழுங்க.

அம்மாபேட்டைத் தறி:
பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். அது வரைக்கும் அம்மாவுக்குக் காவிரி தனி எவர்சில்வர் குடத்தில், காய்ச்சி. பாப்பாவுக்கு ஆர்.ஓ. அதன் கழிவுத் தண்ணீரை இத்தனை நாளும் கறிவேப்பிலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். இலை ஓரமெல்லாம் ஏன் கருகுகிறது என்று இப்போதுதான் புரிகிறது, அது 1100 காட்டுகிறது. இனிமேல் வாசல் கழுவத்தான்.

மூக்கனேரி வாத்து:
செடியே வேண்டாம் என்கிறது பாருங்க.

கருப்பூர் வெள்ளைக்கல்:
அண்ணா, அது கழிவுத் தண்ணீர். வடிகட்டியதை ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க!