330 வாட் பேனல் இருந்தும் கொட்டகை பேட்டரி இரவு 11 மணிக்கே தீர்ந்துவிடுகிறது: பேட்டரியை மாற்ற வேண்டுமா?

கேள்வி – காங்கேயம் தோட்டக்காரர்

வணக்கம். மின்கம்பம் எட்டாத தொலைவில் உள்ள எங்கள் ஆட்டுக்கொட்டகைக்கு, குறைந்த செலவில் சூரிய மின் அமைப்பு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். 330 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்த இணையத்தில் மலிவாக வாங்கிய 30 ஆம்ப் சார்ஜ் கன்ட்ரோலர், சிறிய இன்வெர்ட்டர் ஆகியவை உள்ளன. 9 வாட் எல்இடி பல்புகள் இரண்டு மாலையில் ஐந்து மணி நேரம் எரிகின்றன. 75 வாட் சீலிங் ஃபேன் எட்டு மணி முதல் விடியும்வரை ஓட வேண்டும். ஆனால் பதினொரு மணி அளவில் இன்வெர்ட்டர் ஒலி எழுப்பி நின்றுவிடுகிறது. பேட்டரிக் கடையில் காட்டியபோது, பேட்டரி போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். கையில் ஏழாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1 – ஓய்வுபெற்ற வயர்மேன்

பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு எந்த அளவு வயர் இழுத்திருக்கிறீர்கள்? 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 15 மீட்டர் தொலைவு என்றால், போக வர 30 மீட்டருக்கு ஏறத்தாழ 0.22 ஓம் தடை இருக்கும், 8.8 ஆம்ப் ஓடும்போது இரண்டு வோல்ட் அதிலேயே போய்விடும். 12 வோல்ட் அமைப்பில் அது சிறிய இழப்பன்று.

பதில் 2 – சோலார் பணியாளர், கோவை

ஐயா சொன்ன கணக்கு சரி, ஆனால் இந்த அமைப்பில் சிக்கல் அங்கே இல்லை என்று நினைக்கிறேன். 330 வாட் பேனல் பெரும்பாலும் 72 செல் கொண்டது. அதன் வேலை வோல்டேஜ் 37 அல்லது 38. உங்கள் கன்ட்ரோலர் பிடபிள்யூஎம் வகையாக இருந்தால், அது பேனலை நேரடியாகப் பேட்டரியோடு இணைத்து, பேனலின் வோல்டேஜைப் பேட்டரியின் 13 வோல்ட் அளவுக்கு இழுத்துவிடும். ஆம்ப் மட்டும் 8.8-க்கு மேல் ஏறாது. ஆகவே கிடைப்பது 115 வாட். மீதி மூன்றில் இரண்டு பங்கு வீண். வயரில் குறையும் இரண்டு வோல்ட்டும் அந்த வீணாகும் வோல்டேஜிலிருந்தே போவதால், தடித்த வயர் போட்டாலும் பலன் தெரியாது.

நண்பகலில் கன்ட்ரோலரின் பேனல் முனைகளிலும் பேட்டரி முனைகளிலும் வோல்டேஜ் பாருங்கள். வயரைக் கவ்வி ஆம்ப் அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் இரு பக்க ஆம்ப்பையும் அளந்து எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

வயர் அதே 2.5 அளவுதான், 15 மீட்டர்தான். பேனல் முனையில் 13.6 வோல்ட், பேட்டரி முனையில் 13.2 வோல்ட், இரு பக்கமும் 7.6 ஆம்ப். மாலையில் எல்லாவற்றையும் துண்டித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பேட்டரி 12.2 வோல்ட் காட்டுகிறது. ஆனால் கன்ட்ரோலரின் மேல் எம்பிபிடி என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள், அண்ணா.

பதில் 3 – சோலார் பணியாளர், கோவை

அச்சை நம்ப வேண்டாம். மலிவான கருவிகளில் இது சர்வசாதாரணம். எம்பிபிடி என்பது பேனலை அதன் உயர்ந்த வேலை வோல்டேஜிலேயே நிறுத்தி, மிகுதி வோல்டேஜைக் கூடுதல் ஆம்ப்பாக மாற்றித் தரும் வகை. உண்மையான எம்பிபிடி என்றால் பேனல் முனையில் 30 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். பேட்டரிக்குப் போகும் ஆம்ப், பேனலிலிருந்து வரும் ஆம்ப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது சுமார் 103 வாட். ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்குக் கணக்கிட்டால் 515 வாட் மணி. செலவோ, ஃபேனுக்குப் பத்து மணி நேரத்தில் 750, பல்புகளுக்கு 90, இன்வெர்ட்டர் நாள் முழுவதும் இயங்கும் நிலையில் இருந்தால் அது சும்மா குடிப்பது 15 வாட் வீதம் 360, ஆக மொத்தம் 1,200. பேட்டரி ஒரு நாளும் நிறைவதில்லை என்பதை அந்த 12.2 வோல்ட்டே சொல்கிறது. அது பாதி நிறைந்த அளவு. பேட்டரி விற்கும் கடையில் கேட்டால் புதிய பேட்டரி என்றுதான் பதில் வரும். புதியதை வைத்தாலும் சில மாதங்களில் அதற்கும் இதே கதிதான்.

பணத்தைக் கன்ட்ரோலரில் போடுங்கள். 330-ஐ 13-ஆல் வகுத்தால் 25 ஆம்ப் வருவதால் 30 ஆம்ப் எம்பிபிடி வேண்டும். 20 ஆம்ப் கருவி உச்சி வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வெட்டிவிடும். திறந்த நிலையில் பேனல் 46 வோல்ட் வரை தருவதால், 50 வோல்ட் வரம்புள்ளதைத் தவிர்த்து 100 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள். நீரூற்றும் டியூபுலர் பேட்டரிக்கு உச்ச சார்ஜ் வோல்டேஜை 14.4 அளவில் வையுங்கள். பகலில் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள்.

பதில் 4 – ஓய்வுபெற்ற வயர்மேன்

ஒப்புக்கொள்கிறேன். பேனல் 35 வோல்ட்டில் நின்றால் இந்த வயரில் இழப்பு ஐந்து சதவீத அளவுதான்; மாற்ற வேண்டியதில்லை. இன்னொன்று: வீட்டு மின்சாரத்துக்கான (ஏசி, அதாவது மாறுதிசை மின்னோட்டம்) எம்சிபி என்னும் தானியங்கித் துண்டிப்பானைப் பேனல் பக்கம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பேனலிலிருந்து வரும் டிசி (நேர்) மின்னோட்டம் ஏசியைப்போல இடையிடையே சுழியத்தைத் தொடாததால், தொடர்பு துண்டிக்கப்படும்போது எழும் தீப்பொறி அணையாமல் எரியக்கூடும். டிசி எம்சிபி தனியாகக் கிடைக்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃபியூஸும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

புதிய கன்ட்ரோலர் பொருத்திவிட்டேன். நண்பகலில் பேட்டரிக்கு 18 ஆம்ப் போகிறது. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு ஃபேன் நின்றுவிடுகிறது.

பதில் 5 – சோலார் பணியாளர், கோவை

நீண்ட நாள் அரைகுறையாகச் சார்ஜ் ஆன பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கும்; அது முழுவதும் மீளும் என்று உறுதி தர மாட்டேன். முதலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைச் சரிசெய்து, இரண்டு நாள் இரவில் ஃபேன் போடாமல் முழுமையாகச் சார்ஜ் ஏற விடுங்கள். பிறகு ஆறு செல்களையும், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். ஐந்து ஒரே அளவாகவும் ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்தும் இருந்தால் அந்தச் செல் பழுது, அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆறும் நெருக்கமாக இருந்தால், மிச்சப் பணத்தில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி ஃபேன் வாங்குங்கள். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, பல்புகளையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டால் இரவிலும் இன்வெர்ட்டரைப் போட வேண்டிய தேவையே இருக்காது.