தண்டையார்பேட்டைச் சந்துக்கு ஸ்போர்ட் செடான்: புது ஆடி ஏ4 வாங்கலாமா, 2021 பிஎம்டபிள்யூ 330எல்ஐ வாங்கலாமா?

கேள்வி: டி.எச்.ரோடு

எல்லோருக்கும் வணக்கம். வீடு தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது சந்து. ஹார்பரில் கிளியரிங் வேலை. இப்போது இருப்பது 2014 ஹோண்டா சிட்டி பெட்ரோல், 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு 46 வயது. நல்ல ஸ்போர்ட் செடான் ஒன்றை ஒரு தடவையாவது சொந்தமாக வைத்து ஓட்ட வேண்டும் என்பது இருபது வருட ஆசை. எஸ்யூவி வேண்டாம் என்பதில் நானும் மனைவியும் தெளிவாக இருக்கிறோம்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போய்வர வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மாதவரம், செங்குன்றம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடா வரைக்கும் ரோடு காலியாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்த வண்டி. மற்ற நாளெல்லாம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவில் ஊர்ந்து போவதுதான் என் பிழைப்பு.

அப்பாவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 74 வயது. முப்பது வருடம் ஹார்பருக்கு லாரி ஓட்டியவர். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன்.

கையில் இருப்பது 40 லட்சம். கொஞ்சம் லோன் போடலாம். பார்த்த வண்டிகள் இரண்டு. புது ஆடி ஏ4 ஒன்று, 204 குதிரைத் திறன், முன்சக்கர இழுவை. ஆன்ரோடு என் பட்ஜெட்டை நன்றாகவே தாண்டுகிறது. இன்னொன்று ஒரு பழைய கார் கடையில் நிற்கும் 2021 மார்ச் 330எல்ஐ. 41,000 கி.மீ., ஒரே ஓனர், வேளச்சேரிக்காரர். 34 லட்சம் சொல்கிறார்கள். புது மெர்சிடிஸ் சி200-உம் ஓட்டிப் பார்த்தேன், உள்ளே அரண்மனை மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த விலை என்னால் முடியாது.

ஆடி மிகவும் அமைதியான வண்டி. கதவு மூடும் சத்தமே மனதுக்கு நிறைவாக இருந்தது. 330எல்ஐ வேறு ரகம். ஐம்பதில் போய்க்கொண்டிருந்தவன் சும்மா பாதி மிதித்தேன். பின்சக்கரங்கள் இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு விரல் அளவு அசைத்தால் மூக்கு அந்த அளவுக்குத் திரும்புகிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வடசென்னை ரோட்டில் இப்படி ஒரு வண்டியை வைத்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள். மனசு பழைய வண்டியில் இருக்கிறது, பயமும் அதில்தான் இருக்கிறது.

பதில் 1: எண்ணூர் ஸ்பேனர்

அண்ணே, பதினெட்டு வருடமாக ஜெர்மன் வண்டிகளுக்குக் கீழே படுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

330எல்ஐ-யில் இருப்பது பி48 என்கிற 2 லிட்டர் டர்போ பெட்ரோல். 258 குதிரைத் திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நல்ல எஞ்சின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் தொந்தரவு தராது. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் கசிவு இருக்கிறதா, கூலன்ட் குறைகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். இசட்எஃப் என்கிற கம்பெனி செய்த 8 கியர் பெட்டி. அதன் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். கியர் பெட்டி செய்யும் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது.

விலை குறைவு என்று யாராவது 2013, 2014 வருட பிஎம்டபிள்யூ 320டி டீசலைக் காட்டினால் தள்ளியே நில்லுங்கள். அந்த என்47 எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும்.

நம்ம ஏரியாவில் எஞ்சினை விட டயர்தான் அடி வாங்கும். மணலி சாலையில் டிரெய்லர் ஏறி ஏறிப் பிளந்த பள்ளம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 18 இன்ச் ரன்ஃபிளாட் டயரின் பக்கச்சுவர் தடிமனானது, பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகலாம். ஆனால் பள்ளத்தின் விளிம்பில் விட்டால் சுவரில் முட்டை மாதிரி வீங்கிவிடும். அதற்கு ஒட்டுப்போட முடியாது, டயர் போனது போனதுதான். ஒன்றின் விலை இருபதாயிரத்தைத் தாண்டும். வாங்கும்போதே நாலு டயருக்கும் பணம் தனியாக எடுத்து வையுங்கள். டயர் பக்கத்தில் நாலு எண் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ல் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். 41,000 ஓடிய வண்டியில் நாலும் ஒரே தேதியில் இருக்கிறதா, இரண்டு மட்டும் புதிதா என்று பாருங்கள்.

சந்து விஷயம். உங்கள் சிட்டி 4.44 மீட்டர் நீளம். 330எல்ஐ 4.82. கிட்டத்தட்ட ஒன்றேகால் அடி அதிகம். அகலத்தில் 13 சென்டிமீட்டர் கூடுதல். ஆடியும் சின்ன வண்டி இல்லை, 4.76 மீட்டர், அகலம் இதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் சந்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. சிட்டியை நிறுத்திவிட்டு அதன் பின்னால் ஒன்றேகால் அடி தள்ளி ஒரு செங்கல்லை வையுங்கள். அந்தச் செங்கல் தட்டாமல் திரும்ப முடிந்தால் வண்டியும் திரும்பும்.

பதில் 2: எர்ணாவூர் அக்கா

தம்பி, ஓனர் வேளச்சேரி, வண்டி 2021 என்று படித்ததுமே எனக்குப் பகீரென்றது. அதனால்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் வந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு, ஆறு மாதம் தேய்த்தும் போகவில்லை. எங்கள் செடான் வாசலில் நின்றது. தண்ணீர் பானட் வரைக்கும் ஏறி, சக்கரத்தின் பாதிக்கு இறங்கியிருந்தது. மேட்டில் ஏற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். ஒரு தடவைதான். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் தண்ணீர் போய், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சாதாரணப் பாலிசியில் அதற்குப் பணம் கிடையாது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். எந்த வண்டி வாங்கினாலும் அதைச் சேர்த்துப் போடுங்கள். வாசலில் தண்ணீர் ஏறினால் பட்டனில் கை வைக்காதீர்கள், கயிறு கட்டி இழுங்கள்.

அந்த வண்டியை ஒருத்தர் அடிமாட்டு விலைக்கு எடுத்துப்போனார். அது இன்று எங்கேயோ பாலிஷ் போட்டு நிற்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமும் அந்த வாரம் அப்படித்தான் மூழ்கிக் கிடந்தது. வேளச்சேரி வண்டியெல்லாம் நனைந்த வண்டி என்று சொல்லவில்லை. பார்க்காமல் வாங்காதீர்கள் என்கிறேன்.

முதலில் பாலிசியைக் கேளுங்கள். அதில் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று இருக்கும். க்ளெய்ம் செய்யாமலே வந்தால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 20, 25, 35, 45, கடைசியில் 50 என்று ஏறும். நடுவில் ஒரு க்ளெய்ம் நடந்தால் பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி 20-லிருந்து தொடங்கும். 2021 மார்ச் வண்டி என்றால் 2025 மார்ச்சில் போட்ட பாலிசியில் 45 இருக்க வேண்டும். 20 என்றிருந்தால் 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அது பம்பர் உரசலாகவும் இருக்கலாம். என்ன க்ளெய்ம் என்று எழுத்தில் கேளுங்கள். போனஸ் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால் இந்த எண் காட்டிக்கொடுக்காது, அதையும் பாருங்கள்.

அப்புறம் பகல் வெளிச்சத்தில் போங்கள், கையில் டார்ச்சும் இருக்கட்டும். பின்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பாகத்தைத் துவைத்திருப்பார்கள், சுருளுக்குள் இருக்கும் பாகத்தை யாரும் துவைப்பதில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கால்மிதிக்குக் கீழே இருக்கும் கம்பளத்தைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை அழுத்தி, கையை மோந்து பாருங்கள்.

பதில் 3: எண்ணூர் ஸ்பேனர்

அக்கா சொன்னதோடு ஒன்று. இந்த வண்டிக்கு பேட்டரி பானட்டுக்குள் இல்லை, டிக்கியில் வலது பக்கம். டிக்கித் தரைப் பலகையைத் தூக்கி பேட்டரியைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். கடல் காற்றில் வரும் துரு மேலாக, பொடியாக இருக்கும். தண்ணீரில் கிடந்த போல்ட் அரித்துச் செதில் செதிலாக இருக்கும்.

பதில் 4: பெரம்பூர் கணக்கு

சார், வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் பணத்தைப் பற்றி மட்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் பெரிய செடானுக்கு 28-உம், செஸ் என்ற கூடுதல் வரி 20-உம் சேர்த்து 48. அதனால் புது வண்டி விலை இறங்கியது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போனால் ஆயுள் வரி 20 சதவீதம். 50 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 10 லட்சம். ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே அந்தப் பணம் போய்விட்டது, விற்கும்போது யாரும் திருப்பித் தரமாட்டார்கள். தமிழ்நாட்டுப் பதிவு உள்ள பழைய வண்டியில் அதை முதல் ஓனர் கட்டிவிட்டார். உங்களுக்குப் பெயர் மாற்றுச் செலவுதான். டெல்லி வண்டி, கர்நாடகா வண்டி என்று மலிவாகக் காட்டினால் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் கூட்டிப் பாருங்கள், மலிவு பாதி கரைந்துவிடும்.

அலுவலகப் பெயரில் வாங்கினால் வருடம் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். ஆனால் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது, கார்களுக்கு அது இல்லை. புது வண்டியில் விற்பவரே டிசிஎஸ் என்று 1 சதவீதம் முன்வரி பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பழைய வண்டிக்கு லோன் வட்டி அதிகம், முடிந்தவரை கைப்பணத்தில் முடியுங்கள்.

பதில் 5: திருவொற்றியூர் தேரடி

எல்லோரும் பழைய வண்டிக்கே போய்விட்டீர்கள். நான் புது ஆடி பக்கம். வாரண்டி இருக்கிறது, ராத்திரி தூக்கம் வரும். டிரெய்லர் நடுவே ஊரும் வண்டிக்கு 258 குதிரை எதற்கு? அப்பா காலுக்கும் எந்த செடானாக இருந்தாலும் தாழ்வுதான். அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள், நாமே இங்கே உட்கார்ந்து முடிவு செய்வது சரியில்லை.

பதில் 6: டி.எச்.ரோடு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக எர்ணாவூர் அக்காவுக்கு.

அந்த வேளச்சேரி வண்டியின் பாலிசியைக் கேட்டதும் கடைக்காரர் முதலில் நழுவினார். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனஸ் 20 சதவீதம். கேட்டால் பம்பர் மாற்றியது என்றார். சரி என்று டார்ச் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். இடது பின்சீட்டு பெல்ட்டை இழுத்தேன். ஒரு முழம் வரைக்கும் சுத்தமான கறுப்பு. அதற்கு மேல் இழுத்ததும் குறுக்கே டீக்கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு, அதற்கு அப்பால் துணியே விறைப்பாக இருந்தது. டிக்கிப் பலகையைத் தூக்கினேன். பேட்டரி போல்ட் செதில் செதிலாக. பக்கத்து இடுக்கில் விரலை விட்டால் காய்ந்த வண்டல் நகத்துக்குள் வந்தது. கடைக்காரரிடம் ஒன்றும் பேசவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஓட்டிப் பார்த்த அன்று அதே சீட்டில்தான் என் பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

தேரடி அண்ணே, நீங்கள் சொன்னபடி அப்பாவை ஆடி ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்துவிட்டார். எழும்போது முன்சீட்டு முதுகில் கால் இடித்தது, என் தோளைப் பிடித்துத்தான் வெளியே வந்தார்.

அப்புறம் அண்ணாநகரில் ஒரு வீட்டில் 2022 வருட 330எல்ஐ கிடைத்தது. ஓனரே விற்கிறார், 29,000 கி.மீ., 39 லட்சம். போனஸ் வருடக் கணக்கோடு ஒத்துப்போகிறது. சர்வீஸ் பில் எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார், பெல்ட் கடைசி வரைக்கும் ஒரே கறுப்பு. முன் டயர் ஒன்று மட்டும் புது தேதி. ஏன் என்று நான் கேட்பதற்கு முன்பே கோயம்பேடு பள்ளத்தில் போனது என்று அவரே சொன்னார். இதன் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2,961 மில்லிமீட்டர், சாதாரண 3 சீரிஸை விட 110 அதிகம். அந்த 110-உம் பின்கதவுப் பக்கம்தான் சேர்ந்திருக்கிறது. அப்பா இரண்டு காலையும் ஒன்றாக வெளியே வைத்து, கதவுத் தூணைப் பிடித்து, தானாகவே எழுந்துவிட்டார். எழுந்தவர் பானட்டைத் திறக்கச் சொல்லி ஐந்து நிமிடம் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செங்கல் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தால் திரும்புகிறது, மாவு மில் வாசலில் யாரும் வண்டி விடாமல் இருந்தால்.

சனிக்கிழமை ஸ்பேனர் தம்பி ஸ்கேனரோடு வருகிறார். ஞாயிறு காலை ஐந்தரைக்கு, ஓனரும் கூட வர, தடா வரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.