முதல் ஒலிக்கதைக்குப் பேட்டி எடுத்த அனுபவம்

முப்பது வருடம் செவிலியராக இருந்த என் பெரியம்மாவிடம் பேசி, பத்து நிமிட ஒலிக்கதை ஒன்று செய்தேன். இதுதான் என் முதல் முயற்சி. நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முதல் நாள் பதிவு முழுக்க வீண். அறை அமைதியாகத்தான் தெரிந்தது. அப்புறம் ஹெட்ஃபோனில் கேட்டால், ஃப்ரிட்ஜின் ரீங்காரம் அவர் குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழகிய சத்தத்தைக் காது ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. நடுவில் ஃப்ரிட்ஜ் தானாக நின்றும்விட்டது. அதற்கு முன்னால் சொன்னதையும் பின்னால் சொன்னதையும் சேர்த்து ஒட்டினால் ஒட்டு அப்பட்டமாகத் தெரிந்தது.

இரண்டாம் முறை ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டேதான் பதிவு செய்தேன். மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இரண்டையும் அணைத்தேன். திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தது. நேர் எதிரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று வந்து மோதுகிறது. பேச்சு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி பதிவு அளவை வைத்தேன் (பூஜ்யத்தைத் தாண்டினால் குரல் உடையும்). குறைவாகப் பதிவானதை ஓரளவு ஏற்றிக்கொள்ளலாம், உச்சத்தில் உடைந்த குரலைச் சரிசெய்வது மிகக் கஷ்டம்.

இதெல்லாம் சரி. நான் உண்மையில் கற்றுக்கொண்டது வேறு. முதல் பதிவில் அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் "ம்ம்", "ஆமாமா" என்று நான் நுழைந்திருந்தேன். இந்த முறை தலையை மட்டும் ஆட்டினேன். முதல் இரவு டியூட்டியைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் சொல்லிவிட்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு விநாடி. அப்புறம் சொன்னார்: "அந்தப் பையனோட செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே கெடந்துச்சு. அத யாருகிட்ட குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எடிட் செய்யும்போது அந்த ஆறு விநாடியை ஒன்றாகக் குறைத்துப் பார்த்தேன். எழுதி வைத்ததை வாசிப்பது போல ஆகிவிட்டது. முழுசாகத் திருப்பி வைத்தேன்.

* * *

நண்பரே, ஃப்ரிட்ஜ் சத்தத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியை அளவுக்கு மேல் போட்டேன். இரைச்சல் போனது உண்மைதான், ஆனால் பேசியவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தார். இப்போது லேசாகத்தான் போடுகிறேன்.

இன்னொன்று. பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு அறையின் அமைதியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வெட்டிய இடத்தில் வெறுமையை விட்டால் காதுக்குள் பள்ளம் விழுந்தது போலத் தெரியும். அங்கே இதை நிரப்பலாம்.

* * *

என் அனுபவம் எடிட்டிங்கில்தான். இரண்டு மணி நேரப் பதிவை நேராகத் திரையில் வெட்ட ஆரம்பித்து, மூன்றாம் நாள் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நின்றேன். பிறகு உட்கார்ந்து முழுவதையும் நேரக் குறிப்போடு எழுதினேன். காகிதத்தில் கதையை அடுக்கிவிட்டுத்தான் கத்தரியை எடுத்தேன். மூச்சு இழுக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டினால் ஒட்டு தெரிவதில்லை. மூச்சையெல்லாம் துடைத்துவிடாதீர்கள், மனிதர் பேசுவதாகவே இருக்காது.

ஒரு முறை ஒருவர் வேறு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு பதிலின் வாலில் ஒட்டிவிட்டேன். அழகாகப் பொருந்தியது. அவரிடம் போட்டுக் காட்டினேன். "வார்த்தை என்னோடதுதான். ஆனா நான் இதச் சொல்லலையே" என்றார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பகுதியைக் கலைத்து மறுபடி செய்தேன். இப்போதெல்லாம் வெளியிடுவதற்கு முன் பேசியவரிடம் போட்டுக் காட்டாமல் விடுவதில்லை.

* * *

இதைப் படித்துவிட்டுப் பெரியம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அந்த ஆறு விநாடியில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், "செருப்பு இருக்கட்டும். முன்னாடி ஒரு எடத்துல அந்தப் பையன் பேரச் சொல்லிட்டேன் பாரு, அத மட்டும் எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன். அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்து வைக்கவில்லை. அதனால் அவர் பேசாமல் இருந்த அந்த ஆறு விநாடியிலிருந்தே அரை விநாடியை நகலெடுத்து, பெயர் இருந்த இடத்தில் வைத்தேன்.